தரை தொடாத நகம்

பூனைக்கு நகம் வெட்டலாமா கூடாதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் பல காலமாகத் தீராமல் கிடக்கிறது. மூத்தம்மா கூடாது என்பார். அல்லாஹ் கொடுத்த ஆயுதத்தைப் பறித்துவிட்டு அந்த வாயில்லாச் சீவனை நாய்க்கு முன்னால் நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. வாப்பா வெட்டத்தான் வேண்டும் என்பார். அவர் தறிக்காரர். இலங்கையின் கிழக்கில் நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விளக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவோ, பூனை தன் நகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், இதையெல்லாம் ஒரு பேச்சாக எடுக்கிறீர்களே என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் ஒரே பூனையின் காலில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். அந்தச் சிக்கல் எங்கே அவிழ்ந்தது, எங்கே இன்னும் அவிழாமல் நிற்கிறது என்பதை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

வாப்பாவின் நியாயத்திலிருந்து தொடங்குகிறேன். தறியில் பாவை, அதாவது நெடுக்கு நூல்களை, ஏற்றிவிட்டால் நூல்கள் எல்லாம் இறுகி, ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் நிற்கும். அதன் நடுவே குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும். எந்தப் பூனையால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியும்? ஒரு தாவல் போதும். நகம் ஒரு நூலில் கொளுவும், பூனை பயந்து காலை இழுக்கும், இழுத்த இழுப்பில் பக்கத்து நூல்களும் அறும். அறுந்த ஒவ்வொரு முனையையும் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, இருந்த இடத்திலேயே மறுபடி கோத்து எடுக்க வேண்டும். நெய்து முடிந்த பிறகு அந்த இடத்தில் முடிச்சு தடித்துத் தெரிந்தால் சாரத் துணியின் விலையில் கை வைத்துவிடுவார்கள். வாப்பா ஒரு நாளும் பூனையை அடித்ததில்லை. ஆனால் நூல் அறுந்த நாளில் அவர் யாரோடும் பேசமாட்டார், அந்த மௌனம் வீடு முழுக்கப் பரவிவிடும்.

இந்த இடத்தில்தான் வளைகுடா நாடொன்றிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவினர் ஒருவர், நகத்தை நிரந்தரமாகவே எடுத்துவிடலாம், அதற்கென்று சத்திரசிகிச்சை இருக்கிறது என்று சொன்னார். வாப்பாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை, தேடிப் படித்தேன். அந்தச் சிகிச்சையில் எடுக்கப்படுவது நகம் மட்டும் அல்ல. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைப்பதால், அந்த எலும்பையே மூட்டோடு வெட்டி எடுத்தால்தான் நகம் திரும்ப முளைக்காது. ஒவ்வொரு விரலிலும் ஒரு எலும்பு போய்விடும். பூனை விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. அந்த நடையே மாறிப்போகும், வலி ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடும். 1987ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் உருவான வளர்ப்புப் பிராணிகளைப் பாதுகாக்கும் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளுக்கு இதைத் தடை செய்தது. அமெரிக்காவில் இதைத் தடை செய்த முதலாவது மாநிலம் நியூயோர்க், 2019இல். இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னபோது அவர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். எலும்பை வெட்டுவார்கள் என்று யார் சொன்னார்கள், நகம் என்றுதானே சொன்னான் என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. இந்தக் கட்டுரையை வாசிக்கிற யாராவது அப்படி ஓர் எண்ணத்தில் இருந்தால் அவர்களும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ராத்தாவின் பேச்சிலும் உண்மை உண்டு என்றேன். பூனையின் நகம் வெங்காயம்போல அடுக்கடுக்காக வளர்வது. மரத்தையோ கதிரைக் காலையோ பன்பாயின் ஓரத்தையோ அது பிராண்டும்போது தேய்ந்துபோன மேலுறை கழன்று விழுகிறது. உள்ளே கூர்மையான புது நகம் ஆயத்தமாக இருக்கும். காலையில் விறாந்தை கூட்டும்போது வெள்ளையாக, வளைந்து, உள்ளே வெறுமையாக இருக்கும் சின்னக் கூடுகள் தும்புத்தடியில் அகப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். நகம் பிடுங்குப்பட்டுவிட்டது என்று சிலர் பதறுவார்கள். பதற ஒன்றும் இல்லை, அது கழற்றிப் போட்ட உறை. பிராண்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. பூனையின் பாதங்களில் வாசனை சுரப்பிகள் இருக்கின்றன. பிராண்டிய இடத்தில் தன் வாசனையை வைத்து, இது என் இடம் என்று மற்றப் பூனைகளுக்கு அறிவித்துவிட்டுப் போகிறது. ஆகவே பிராண்டும் பூனையை ஏசுவதில் பயன் இல்லை. அது குறும்பு செய்யவில்லை, தன் வேலையைப் பார்க்கிறது.

ஓடி ஆடி மரமேறும் இளம் பூனைக்கு ராத்தா சொன்னது முற்றிலும் சரி. மின்னா அப்படிப்பட்ட பூனையாக இல்லாமல் போனதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

மின்னாவின் கால்

மின்னா எங்கள் வீட்டில் நான் பாடசாலைக்குப் போன காலத்திலிருந்து இருந்தவள். சாம்பல் நிறம், வாலில் மட்டும் கறுப்பு வளையங்கள். இளவயதில் கூரை அவளுடைய சொத்து. கடற்கரைப் பக்கமிருந்து மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டால் ஓட்டின் மேலிருந்தே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வயது பதினைந்தைத் தாண்டிய பிறகு கூரை போனது, பிறகு மதில் போனது, கடைசியில் மூத்தம்மாவின் பாயும் குசினி வாசலும் மட்டும் மிஞ்சின. அந்தக் காலத்தில்தான் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சீமெந்துத் தரையில் அவள் நடக்கும்போது ‘டிக், டிக்’ என்று மிக மெல்லிய ஒலி. பூனை நடந்தால் சத்தம் கேட்கக் கூடாது. நகத்தை உள்ளே இழுத்து வைத்திருப்பது ஒரு மீள்தன்மையுள்ள நார். பூனை தசையை இறுக்கி விரலை நீட்டும்போது மட்டும் நகம் வெளியே வரும். வயது போகப் போக அந்த நார் தளர்கிறது. நகமும் தடித்து, முழுதாக உள்ளே போக முடியாமல் வெளியே நின்றுவிடுகிறது. மூட்டு வலிக்கிற பூனை பிராண்டுவதையும் குறைத்துவிடும், அதனால் பழைய உறைகள் கழலாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கும். இந்த விளக்கம் எனக்குப் பின்னால் கிடைத்தது. அப்போது என் காதில் விழுந்தது சத்தம் மட்டுமே.

பிறகு அவள் முன்னங்காலை நக்கத் தொடங்கினாள். பூனை நக்குவது புதினம் அல்ல, ஆனால் இவள் ஒரே இடத்தை நக்கினாள். நடக்கும்போது அந்தக் காலை முழுதாக ஊன்றுவதில்லை. முள் குத்தியிருக்கும் என்றார் உம்மா. வாதம் என்றார் மூத்தம்மா. அவருடைய முழங்காலும் அதே மாதம் வீங்கியிருந்ததால் மின்னா மேல் அவருக்கு ஒரு தனிப் பரிவு. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, வெயில் சாய்ந்து விறாந்தைக்குள் விழுகிற நேரத்தில், மூத்தம்மாவின் மடியில் அவளை வைத்து நான் காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்து நான்கு விரல்களிலும் நகம் நீண்டிருந்தது, தடித்திருந்தது, ஆனால் காயம் இல்லை. உள்பக்கத்தில், மற்ற விரல்களுக்குச் சற்று மேலே ஐந்தாவது விரல் ஒன்று இருக்கிறது. முன்னங்காலில் மட்டும் உள்ள விரல் அது. பின்னங்காலில் நான்குதான், ஆக பெரும்பாலான பூனைகளுக்கு மொத்தம் 18 நகங்கள். அந்த ஐந்தாவது விரலை மயிர் மூடியிருந்தது. மயிரை விலக்கினேன். நகம் நேராக வரவில்லை. வளைந்து, இன்னும் வளைந்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நுனி தன் விரலின் மெத்தைக்குள்ளேயே இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தைச் சுற்றி மயிர் ஈரமாக ஒட்டிப்போய், மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு. கிட்டக் குனிந்தபோது சீழ் வடிந்த மணம். மின்னா சத்தமே போடவில்லை. காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதை நான் வீட்டில் வைத்து வெட்டவில்லை, நீங்களும் வெட்ட வேண்டாம். தசைக்குள் புகுந்த நகத்தை எடுப்பது வைத்தியரின் வேலை; வலி நிற்க மருந்து வேண்டும், சீழ் பிடித்த காயத்துக்கு மருந்து வேண்டும். மூத்தம்மாவும் வருவேன் என்று பிடிவாதமாக ஓட்டோவில் ஏறிக்கொண்டார். மிருக வைத்தியர் முதலில் வளைவின் நடுவில் வெட்டினார். பிறகு உள்ளே புதைந்திருந்த துண்டை மெல்ல வெளியே எடுத்தார். அது வந்த இடத்தில் ஒரு துவாரம், உள்ளே சிவப்பு. எடுத்த துண்டைப் பஞ்சில் வைத்து எங்களிடம் காட்டினார். மூத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“டொக்டர், மற்ற நாலு நகத்துக்கும் இப்படி வரவில்லையே, இதற்கு மட்டும் ஏன்?”

“அம்மா, இந்த நகம் தரையைத் தொடுவதில்லை” என்றார் வைத்தியர். “நடக்கும்போது தேயாது. மரமேறும்போது, இரையைப் பிடிக்கும்போதுதான் இதற்கு வேலை. இப்போது இவளுக்கு மரமும் இல்லை, இரையும் இல்லை. வேலை நின்றுவிட்டது, வளர்வது நிற்கவில்லை.”

வீட்டில் அத்தனை வருடம் நாங்கள் வாதாடியதில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. எல்லோரும் நகம் என்று பொதுவில் பேசினோம். மூத்தம்மா எந்த நகம் என்று கேட்டார். வைத்தியரின் பதிலிலோ எந்தப் பூனை என்பதும் சேர்ந்து வந்தது. வெட்டுவது பாவமா, வெட்டாமல் விடுவது பாவமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பூனை இப்போது வாழ்கிற வாழ்க்கைதான் என்ற நிலைக்கு நான் வந்தது அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றபோது.

படைத்தபடி விடுவது

படைத்தபடியே விட்டுவிட வேண்டும் என்ற பேச்சை நான் இலேசாக எடுக்கவில்லை. மூத்தம்மா அதைக் கண்ணியத்தோடுதான் சொல்கிறார். பூனை அசுத்தமானது அல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி அவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸை எங்களுக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தவர் அவர்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவுக்கு வைத்த தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்காகப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்த நபித்தோழர் அபூ கதாதாவின் சம்பவத்தை அவர் சொல்லும்போது, அந்தச் சரிவைக் கையால் காட்டுவார். பூனையைக் கட்டிவைத்து உணவு கொடுக்காமல் சாகடித்த பெண் அதற்காக நரகம் போனாள் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். அப்படிப்பட்டவர் நகத்தைத் தொடாதே என்று சொன்னால் அதற்குப் பின்னால் இருப்பது பூனையின் மேல் உள்ள இரக்கம்தான்.

ஆனால் மின்னாவை நாங்கள் படைத்தபடி விட்டிருக்கவில்லையே. பதினைந்து வயது வரை அவள் இருந்தது நாங்கள் போட்ட மீனால், நாங்கள் ஏற்றிய தடுப்பூசியால், மழையில் நனையாமல் படுக்கக் கொடுத்த பாயால். தெருப்பூனைக்கு அந்த வயது கிடைப்பது அரிது. அவள் ஆயுளை நீட்டி, மரத்திலிருந்து இறக்கி, பாயில் படுக்கவைத்தது நாம் என்றால், அந்தப் பாயில் படுத்திருக்கும்போது வளர்கிற நகமும் நம்முடைய பொறுப்பில்தான் வருகிறது. இதை மூத்தம்மாவிடம் நான் சொல்லத் தேவைப்படவில்லை. திரும்பி வரும்போது ஓட்டோவிலேயே அவர் சொன்னார்: மனிதருக்கு நாற்பது நாளுக்கு மேல் நகத்தை விடக் கூடாது என்று இருக்கிறது, கையால் வேலை செய்கிற நமக்கே அப்படி என்றால், வேலை இல்லாமல் படுத்திருக்கிற இவளுக்கு யார் வெட்டுவது?

எப்படி வெட்டுகிறோம்

இனி வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் பல நாள் வெட்டாமல் பழக்க வேண்டும். பூனைக்குத் தன் காலைப் பிறர் பிடிப்பது பிடிக்காது. அது தூங்கி எழுந்து மந்தமாக இருக்கும் நேரம், அல்லது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிவிட்டு, ஒரு காலை மெல்லப் பிடித்து விட்டுவிடுங்கள். அவித்த சூரை மீன் துண்டு ஒன்று கொடுங்கள், உப்பும் தூளும் போடாமல் அவித்தது. அடுத்த நாள் காலைப் பிடித்து ஒரு விரலை அமுக்கிப் பாருங்கள். மேலே உங்கள் பெருவிரல், கீழே மெத்தையின் அடியில் சுட்டுவிரல். இரண்டுக்கும் நடுவே இலேசாக அழுத்தினால் நகம் தானாக வெளியே வரும். அழுத்தம் இலேசாகத்தான் இருக்க வேண்டும், பிழியக் கூடாது. கால் இழுபட்டால் உடனே விட்டுவிடுங்கள். இழுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த பூனை அடுத்த தடவை இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி அடக்குவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. தாய்ப்பூனை குட்டியைத் தூக்கும் விதம்தானே என்பார்கள். வளர்ந்த பூனைக்கு அது பயத்தைத்தான் கொடுக்கிறது; பூனை வைத்தியத்தில் தேர்ந்தவர்கள் இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறார்கள். பயந்து விறைத்துப்போன பூனையை அடங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

நகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற உயிருள்ள பகுதி அது. அதற்கு முன்னால் உள்ள வெண்மையான நுனிக் கொக்கி மட்டும்தான் நாம் தொடுகிற இடம். சிவப்பிலிருந்து குறைந்தது இரண்டு மில்லிமீற்றர் விலகி வெட்ட வேண்டும். நகம் கறுத்துத் தடித்து உள்ளே தெரியாவிட்டால் நுனியை மட்டும் எடுத்துவிட்டு விடுங்கள், குறைவாக வெட்டியதால் எந்தப் பூனைக்கும் கெடுதி வந்ததில்லை. பூனைக்கென்று சிறு கத்தரிக்கோல் வடிவில், அலகில் அரைவட்ட வெட்டு உள்ள நகவெட்டி கிடைக்கிறது. அதுவே நல்லது. நாம் பாவிக்கும் நகவெட்டி பூனையின் நகத்தைப் பக்கவாட்டில் நசுக்கிப் பிளந்துவிடக்கூடும். மேலிருந்து கீழாக அலகு இறங்கும்படி பிடித்து வெட்டினால் நகம் பிளக்காது. எதைப் பாவித்தாலும் கூர் மழுங்கியிருக்கக் கூடாது. மழுங்கிய அலகு வெட்டாமல் இழுக்கும், அந்த இழுப்பைத்தான் பூனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்.

ஒரே இருப்பில் எல்லா நகத்தையும் முடித்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு என்று போனால் போதும். முதலில் ஐந்தாவது விரல், இரண்டு முன்னங்காலிலும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். அவசரத்தில் முன்பக்கத்து நான்கையும் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பிவிடுகிறோம், மயிருக்குள் ஒளிந்திருக்கிற அந்த ஒன்றுதான் ஆபத்தானது. பின்னங்கால் நகங்கள் நடையில் தேயும். அவற்றைப் பார்த்தால் போதும், பெரும்பாலும் வெட்டத் தேவை வராது. வயதான பூனைக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து வெட்டுவது கணக்கு.

சிவப்பில் பட்டுவிட்டால் இரத்தம் வரும். வலிக்கும், பூனை ஓடும், ஓடவிடுங்கள், துரத்தாதீர்கள். அமைதியானதும் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், அல்லது நகத்தின் நுனியைச் சோளமாவில் அமுக்குங்கள். சற்று நேரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். இங்கே நம் வீடுகளில் கை போகிற பொருட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து அப்பாதீர்கள்; அது பூனையின் தோலையும் நக்கிய நாக்கையும் சுடும். தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கிற கிருமிநாசினித் திரவங்களைப் பூனையின் மேல் பூசவே கூடாது. பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, அந்தத் திரவங்களில் உள்ள இரசாயனத்தை அதன் ஈரலால் முறிக்க முடியாது. அதே காரணத்தால் வலிக்கிறதே என்று பரசிற்றமோல் கொடுத்துவிடாதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடுகிற ஒரே ஒரு வில்லை ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். இரக்கத்தில் கொடுத்துப் பூனையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கீறுப்பட்டால் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, பூனைகளுக்கும் அது வரும். உங்கள் பூனைக்கு வருடாந்தத் தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும். கீறினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள், பிள்ளைகள் கீறுப்பட்டால் மறைக்கவும் விடாதீர்கள்.

கறுப்பனின் கணக்கு வேறு

மின்னாவோடு கிடைத்த பாடத்தை அப்படியே எங்கள் மற்றப் பூனையான கறுப்பனுக்குத் திருப்பிவிட வாப்பா ஆசைப்பட்டார். கறுப்பன் இளைஞன், இரவில் வீடு தங்காதவன். நமது தெருக்களில் நாய்கள் கூட்டமாகத் திரிகிற நேரம் எது என்று விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த நேரத்தில் கறுப்பனைக் காப்பாற்றுவது எங்கள் வேம்பு மரம், மரத்தில் அவனை ஏற்றுவது அவனுடைய முன்னங்கால் நகங்கள். நகம் மழுங்கிய பூனை மரத்தில் பாதி ஏறிச் சறுக்கி விழும், கீழே நாய் நிற்கும். வெளியே திரிகிற பூனைக்கு நகத்தை வெட்டக் கூடாது என்பதில் நான் மூத்தம்மாவின் கட்சி, அதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அப்படியானால் தறிக்கு என்ன வழி? தறிக்கூடத்துக்கு வலை அடித்த கதவு போட்டோம். வாப்பா தறியை விட்டு எழும்பும்போது பாவின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவிடுகிறார். விறாந்தை மூலையில் ஒரு தென்னங்குற்றியை நிறுத்தி அதைச் சுற்றித் தும்புக் கயிற்றை இறுக்கிச் சுற்றினோம். குற்றி பூனை முழுதாக நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும், ஆடக் கூடாது. ஆடுகிற எதையும் பூனை இரண்டாம் தடவை நம்பாது. அதை ஒதுக்குப்புறத்தில் வைத்தாலும் பயனில்லை, பூனை படுத்து எழும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் எழும்பியதும் போய்ப் பிராண்டும். கறுப்பன் பன்பாயை விட்டுவிட்டு இந்தக் கயிற்றுக்கு மாறிவிட்டான். நூல் அறுவது நின்றது. ஒரு பூனையின் எலும்பை வெட்டித் தீர்த்திருக்கக்கூடிய பிரச்சினை ஒரு கதவிலும் ஒரு குற்றியிலும் தீர்ந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

கல்லடியில் இருக்கும் என் தோழியின் பூனை இந்த இரண்டுக்கும் சேராது. நீண்ட மயிருள்ள வெளிநாட்டு இனம், இளவயது, ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. வயதில் கறுப்பன், வாழ்க்கையில் மின்னா. அதற்கு நகம் வெட்டத்தான் வேண்டும். நீண்ட மயிரில் ஐந்தாவது விரல் இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும் என்பதால் விரலால் தடவித் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மின்னா அந்தக் காயம் ஆறிய பிறகு நெடுங்காலம் எங்களோடு இருந்தாள். அவளுடைய நகங்களை மூத்தம்மாவே மடியில் வைத்துக்கொண்டு பிடிக்க, நான் வெட்டினேன். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் அவர் காலை என்னிடம் நீட்டமாட்டார். இப்போது பேச்சு கறுப்பனைப் பற்றித்தான். அவனுடைய ஐந்தாவது விரலை மாதம் ஒரு தடவை பார்ப்பது என்றும், வளைந்து வந்தால் அதன் நுனியை மட்டும் எடுப்பது என்றும் மூத்தம்மாவும் நானும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற நகங்களை எந்த வயதில் தொடங்குவது என்பதில் உடன்பாடு இல்லை. மதில் ஏறுவதை அவன் நிறுத்துகிற நாளில் தொடங்கலாம் என்கிறார் அவர். அதற்கு முன்பே, அவன் இளமையாக இருக்கும்போதே காலைப் பிடித்துப் பழக்கிவிட வேண்டும், வயதான பிறகு பழக்குவது அவனுக்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம் என்கிறேன் நான். பழக்குவதற்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது, நகவெட்டியை மட்டும் அவர் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.